பெர்சர்க் (1997) அனிமே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெர்சர்க் என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரைப் பாருங்கள் என்று யாரிடம் சொன்னாலும் திரும்பி வரும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றேதான். சிலர் முதல் எபிசோடிலேயே நின்றுவிடுகிறார்கள். சிலர் கடைசி எபிசோடைப் பார்த்துவிட்டுக் கோபத்தோடு வருகிறார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதிவைக்கிறேன். கதையின் பின்பாதியைத் தொடும் இடம் வந்ததும் சொல்லிவிடுவேன். இன்னும் பார்க்காதவர்கள் அங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

பெர்சர்க்னா என்ன? சுருக்கமா சொல்லுங்க.

கெண்டாரோ மியுரா 1989 முதல் எழுதி வரைந்த மங்கா, அதாவது ஜப்பானிய காமிக்ஸ். இடைக்கால ஐரோப்பாவைப் போன்ற ஓர் உலகம். அதில் மிட்லாண்ட் என்ற நாடு, அண்டை நாட்டோடு நூறு வருடமாகப் போரில் இருக்கிறது. தூக்கில் தொங்கும் தாயின் பிணத்தடியில் பிறந்து கூலிப்படையில் வளர்ந்தவன் கட்ஸ். வாளைத் தவிர அவனுக்கு வேறெதுவும் தெரியாது. பருந்துப் படை என்ற கூலிப்படையின் இளம் தலைவன் கிரிஃபித் அவனைச் சண்டையில் தோற்கடித்துத் தன் படையில் சேர்த்துக்கொள்கிறான். எளிய குடியில் பிறந்த கிரிஃபித்துக்குத் தனக்கென்று ஒரு நாடு வேண்டும். அந்தப் படையில் ஆயிரம் பேரை நடத்தும் பெண் தளபதி காஸ்கா. இந்த மூன்று பேருக்கும் என்ன ஆகிறது என்பதுதான் கதை.

எத்தனை பெர்சர்க் இருக்கு? எதை முதல்ல பாக்கணும்?

மூன்று. முதலாவது 1997 அக்டோபரில் ஜப்பானில் நள்ளிரவு நேரத்தில் ஒளிபரப்பாகத் தொடங்கிய 25 எபிசோட் தொடர். ஓ.எல்.எம். நிறுவனம் தயாரிக்க, நவோஹிதோ தகஹாஷி இயக்கினார். அதே வருடம் போகிமானைத் தொடங்கியதும் இதே ஓ.எல்.எம். தான். இரண்டாவது, ஸ்டுடியோ 4°சி எடுத்த மூன்று திரைப்படங்கள் (2012, 2013). மூன்றாவது, 2016, 2017 ஆண்டுகளில் வந்த 24 எபிசோட் தொடர்.

முதலில் 1997. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. முதல் இரண்டும் ஒரே கதைப் பகுதியைச் சொல்கின்றன, 2016 தொடர் அதற்குப் பிந்தைய கதையைச் சொல்கிறது. இனி இந்தப் பக்கத்தில் "தொடர்" என்று மட்டும் சொன்னால் 1997 தொடரைத்தான் சொல்கிறேன்.

முதல் எபிசோட் பாத்தேன், ஒண்ணுமே புரியல. விட்டுடலாமா?

விட்டுவிடாதீர்கள். தொடரின் பெரிய பலவீனங்களில் ஒன்று இந்த முதல் எபிசோட். ஒற்றைக் கண்ணோடு, இடக்கைக்குப் பதில் இரும்புக் கையோடு, ஆள் உயர வாளோடு ஒருவன் ஓர் ஊருக்கு வருகிறான். அந்த ஊரை வதைக்கும் பாம்பு உருவ அரக்கனைக் கொல்கிறான். அவன் யார், கழுத்தில் ஏன் அந்தத் தழும்பு, ஏன் இவ்வளவு வெறி என்று எதையும் சொல்வதில்லை. இரண்டாவது எபிசோடில் கதை பல வருடம் பின்னோக்கிப் போய்விடுகிறது. அப்புறம் கடைசி வரைக்கும் அந்த ஃப்ளாஷ்பேக்தான்.

மங்காவும் இப்படித்தான் தொடங்குகிறது. ஆனால் அங்கே கறுப்பு வாள்வீரனாகத் திரியும் கட்ஸோடு மூன்று தொகுதிகள் பழகிய பிறகுதான் கடந்த காலத்துக்குப் போவோம். இங்கே அத்தனையும் ஒரே எபிசோடில் சுருங்கிவிட்டது. அதனால் முதல் எபிசோடைப் புரிந்துகொள்ள மெனக்கெட வேண்டாம். ஆறாவது எபிசோட் வரை போய்ப் பாருங்கள், அதற்குள் பிடிக்கவில்லை என்றால் இது உங்களுக்கான தொடர் இல்லை என்று விட்டுவிடலாம். பிடித்துப்போய் 25ஐயும் முடித்தால், மறுபடி முதல் எபிசோடைப் போட்டுப் பாருங்கள். அந்த ஆள் சிரிக்காமல் சாப்பிடுவதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

படம் அசையவே மாட்டேங்குதே? பாதி நேரம் ஃபோட்டோ பாக்கற மாதிரி இருக்கு.

உண்மைதான், மறைக்க ஒன்றுமில்லை. அசைவு இந்தத் தொடரில் மிகக் குறைவு. பெரிய போர்க் காட்சிகளில்கூட வரைந்த ஒரே படத்தின் மேல் கேமரா மெதுவாக நகர்ந்து போகும். குதிரைப்படை பாய்வது, வாள் வெட்டுவது எல்லாம் திரும்பத் திரும்ப அதே கோணத்தில் வரும். இன்றைய சண்டைக் காட்சிகளுக்குப் பழகிய கண்ணுக்கு முதல் சில எபிசோடுகள் சோர்வாகத்தான் இருக்கும். கட்ஸ் தனி ஆளாக நூறு பேரை எதிர்க்கும் இடம் மங்காவில் மூச்சு முட்டவைக்கும். தொடரில் அதன் வேகம் பாதிகூட வரவில்லை.

ஆனால் அசைவுக்குப் போகாத உழைப்பு எங்கே போயிருக்கிறது என்று கவனியுங்கள். முக்கியமான நொடிகளில் படம் உறைந்து, கையால் தீட்டிய ஓவியமாக மாறும். மியுராவின் அடர்த்தியான கோடுகளை அசையும் படத்தில் கொண்டுவருவது மகா கடினம். இந்த ஓவியங்களில்தான் அவை பிழைத்திருக்கின்றன. பின்னணிகளுக்குக் கலை இயக்குநர் ஷிசிரோ கொபயாஷி. அவருடைய கல்சுவர்களும் காட்டு வெளிச்சமும் மாலை நேரத்துப் பழுப்பும் இன்றும் மங்கவில்லை. கணினி வண்ணம் வருவதற்கு முன்பு தாளிலும் செல்லுலாய்டிலும் வேலை செய்தவர்களின் கைத்தடம் ஒவ்வொரு ஃப்ரேமிலும் தெரியும்.

இன்னொரு நன்மை, நான் பெரிதாக மதிப்பது இதைத்தான். சண்டையைக் காட்ட வசதி இல்லாததால் தொடர் முகங்களைக் காட்டுகிறது. ஒருவர் பேசி முடித்த பிறகும், கேட்டவரின் முகத்தில் கேமரா நிற்கிறது. இந்தக் கதைக்கு வேண்டியதும் அதுதான்.

அப்படி என்னதான் இருக்கு இதுல? ஏன் எல்லாரும் தலையில தூக்கிவெச்சு ஆடுறாங்க?

மூன்று பேர் ஒருவரை ஒருவர் தவறாகப் புரிந்துகொள்ளும் விதம். இதை இவ்வளவு பொறுமையாக எழுதிய அனிமே குறைவு. ஓர் உதாரணம் சொல்கிறேன். கிரிஃபித்தின் உத்தரவுப்படி ஒரு பிரபுவைக் கொல்லப் போன கட்ஸ், எதிர்பாராமல் வந்து நின்ற அந்தப் பிரபுவின் சின்னப் பையனையும் கொன்றுவிடுகிறான். ரத்தக் கறையோடு திரும்பி வரும்போது, நீரூற்றின் பக்கத்தில் இளவரசி ஷார்லட்டிடம் கிரிஃபித் பேசுவது காதில் விழுகிறது. யாருடைய கனவுக்காகவும் வாழாமல், தனக்கென ஒரு கனவை வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் என்னையே எதிர்த்து நிற்கக் கூடியவனைத்தான் நான் நண்பன் என்பேன் என்ற பொருளில் அவன் பேசுகிறான். கட்ஸ் படிக்கட்டின் கீழே நின்று கேட்கிறான். அந்த நிமிடம் வரை கிரிஃபித்தின் வாளாக இருப்பதே அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

கதையில் அதற்குப் பின் நடக்கும் அத்தனை கேடும் இந்த ஒரு பேச்சிலிருந்து கிளைக்கிறது. கிரிஃபித்துக்குச் சமமான நண்பனாக ஆக வேண்டும் என்பதற்காகவே கட்ஸ் படையை விட்டுப் போகிறான். அவன் போவதைத் தாங்கமுடியாமல் கிரிஃபித் உடைந்துபோகிறான். யாருடைய எண்ணமும் கெட்டதில்லை. இருவரில் ஒருவர் வாய்திறந்து ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் எல்லாம் தப்பியிருக்கும். பார்க்கிற நமக்கு அது தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

14வது எபிசோடில் கட்ஸ் காஸ்காவிடம் பேசும் இடமும் இதே தரம். இரவில் முகாமின் விளக்குகளைக் காட்டி, ஒவ்வொருவரும் தன் சின்னக் கனவைக் கொண்டுவந்து கிரிஃபித் என்ற பெரும் தீயில் போட்டிருக்கிறார்கள், தன்னுடைய தீ அதில் இல்லை என்கிறான். வாள் ஓங்காமல், ரத்தம் சிந்தாமல் நடக்கும் காட்சி அது. தொடரின் சிகரம் என்று நான் நினைப்பது அதைத்தான்.

டார்க் ஃபேன்டஸினு சொல்றாங்க, பேயையும் காணோம் பிசாசையும் காணோம். வெறும் அரசியலும் போருமா ஓடுது?

முதல் எபிசோடை விட்டால், ஆறாவது எபிசோடில் ஸாட் என்ற சாகாவரம் பெற்ற அரக்கன் வருகிறான். கிரிஃபித்தின் கனவு சரியும் நாளில் உனக்கு மரணம் வரும் என்று கட்ஸிடம் சொல்லிவிட்டுப் போகிறான். அப்புறம் வெகுதூரத்துக்குக் கோட்டை முற்றுகை, அரண்மனைச் சதி, பதவி உயர்வு இவைதான். ஆனால் ஒவ்வொரு எபிசோடின் தொடக்கத்திலும், மனிதனின் விதியை அவனுக்கு மேலிருக்கும் ஏதோ ஒன்று நடத்துகிறதா என்று கேட்கும் ஒரு குரல் வருகிறது. கிரிஃபித்தின் கழுத்தில் பெஹெலிட் என்ற முட்டை வடிவப் பதக்கம் தொங்கிக்கொண்டே இருக்கிறது. கண்ணும் மூக்கும் இடம் மாறிக் கிடக்கும் அந்த முகம் எப்போது விழிக்கும் என்ற பயம் பின்னால் இருந்துகொண்டே இருக்கும்.

இது பலமா பலவீனமா என்றால், என் கணக்கில் பலம். மனிதர்களோடு இருபது எபிசோட் வாழ்ந்த பிறகு அமானுஷ்யம் வரும்போது, அது உண்மையிலேயே வேறு உலகத்திலிருந்து வந்ததாக இருக்கிறது. குறை ஒன்று உண்டு. இடையில் போதிய முன்னறிவிப்பு இல்லாததால், கடைசி எபிசோடுகளில் வருகிறவர்கள் யார், அவர்களின் சட்டதிட்டம் என்ன என்பது அவசரமாகச் சொல்லப்படுகிறது.

இசையைப் பத்தியே எல்லாரும் பேசறாங்களே, அவ்வளவு விசேஷமா?

சுசுமு ஹிரசாவா இசையமைத்தார். இடைக்காலக் கதைக்கு எதிர்பார்க்கும் பெரிய ஆர்கெஸ்ட்ரா இல்லை. மின்னிசையும், எந்த மொழி என்று பிடிபடாத கூட்டுக் குரல்களும் சேர்ந்த இசை. கட்ஸின் பெயரையே தலைப்பாகக் கொண்ட மென்மையான இசைத்துண்டு ஒன்று உண்டு, அதை மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள். ஆறடிக்கு மேல் வளர்ந்த ஒரு கூலிப்படைக்காரனுக்குத் தாலாட்டு போல ஓர் இசையைத் தர வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறதே, அந்த மனிதரை வணங்கலாம். பிறகு வந்த பெர்சர்க் படங்களுக்கும் 2016 தொடருக்கும்கூட அவரைப் பாட அழைத்தார்கள்.

தொடக்கப் பாடல் மட்டும் பலருக்கு ஒட்டாது. பென்பால்ஸ் என்ற ஜப்பானிய ராக் குழு ஆங்கிலத்தில் பாடியது. எனக்கும் அது இந்தக் கதையோடு கடைசி வரை ஒட்டவில்லை.

வீட்ல தம்பி தங்கச்சியோட பாக்கலாமா? எவ்வளவு ரத்தம் இருக்கும்?

கூடாது. பெரியவர்களுக்கான தொடர் இது. தலை துண்டாவது, சித்திரவதை, பாலியல் வன்முறை எல்லாம் இருக்கின்றன. 24, 25 எபிசோடுகள் நான் பார்த்த அனிமேக்களிலேயே கொடூரமானவை. பாலியல் வன்முறைக் காட்சிகள் உங்களைப் பாதிக்கும் என்றால், பார்க்காமல் விடுவதில் எந்தக் குறையும் இல்லை. பார்த்துத்தான் ஆக வேண்டும் என்று நண்பர்கள் வற்புறுத்தினாலும் கேட்க வேண்டாம்.

இனி வரும் பதில்களில் கதையின் பின்பாதியும் முடிவும் வரும். பார்க்காதவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கிரிஃபித் நல்லவனா கெட்டவனா? எனக்கு அவன்மேல கோபமும் வருது, பாவமாவும் இருக்கு.

இரண்டும் வர வேண்டும் என்றுதான் தொடர் எழுதப்பட்டிருக்கிறது. தன் படையில் சேர்ந்த ஒரு சிறுவன் இறந்ததும், வீரர்களின் உயிரைக் காக்கப் பணம் வேண்டும் என்று ஒரு கிழட்டுப் பிரபுவிடம் தன் உடலையே விற்றவன் அவன். மறுநாள் ஆற்றில் நின்று தன் தோலைத் தானே கீறிக்கொண்டு, நான் எதற்கும் பொறுப்பாளி இல்லை என்பது போலப் பேசுவதைக் காஸ்கா பார்க்கிறாள். அதே கிரிஃபித், தனக்கு விஷம் வைக்க முயன்ற அரசியையும் பிரபுக்களையும் ஒரே கட்டடத்தில் பூட்டி எரித்துவிட்டு, மாறாத முகத்தோடு திரும்புகிறான். திரைப்படங்கள் விட்டுவிட்ட இந்த அரண்மனைப் பகுதியைத் தொடர் வைத்திருப்பது அதன் பெரிய பலம். கடைசியில் அவன் செய்வது திடீர் மாற்றமாகத் தெரியாததற்கு இதுதான் காரணம்.

ஒரு வருடச் சித்திரவதையில் நாக்கும் தசைநாண்களும் அறுக்கப்பட்டுக் கிடந்தவன் அவன் என்பதும், தன்னை மீட்க வந்தவர்கள் அத்தனை பேரையும் பலிகொடுக்கச் சம்மதித்தவன் அவன் என்பதும் ஒன்றை ஒன்று அழித்துவிடாது. அவனைப் புரிந்துகொள்கிறேன், மன்னிக்க மாட்டேன்.

காஸ்காவுக்கு அப்படி ஒரு முடிவு தேவையா? அதைப் பாத்ததும் தொடரே வெறுத்துப்போச்சு.

இந்தத் தொடர்மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டுகளிலேயே நியாயமானது இதுதான். காஸ்கா சாதாரணத் துணைப் பாத்திரம் இல்லை. கட்ஸ் போன பிறகு, கிரிஃபித் சிறையில் இருந்த ஒரு வருடம் முழுக்கப் படையைச் சிதறாமல் காத்தவள். அப்படிப்பட்டவளைக் கடைசியில், கிரிஃபித் கட்ஸுக்குத் தரும் தண்டனைக்கான கருவியாக்கிவிடுகிறது கதை. பாலியல் கொடுமை அவளுக்கு நடக்கிறது, கேமரா பெரும்பாலும் கட்ஸின் வலியைப் பார்க்கிறது. அவள் மனதில் என்ன ஆனது என்று கேட்கக்கூட நேரமில்லாமல் தொடர் முடிந்துவிடுகிறது.

மங்காவை வைத்துச் சமாதானம் சொல்பவர்கள் உண்டு, பின்னால் அவள் கதை தொடர்கிறது என்று. ஆனால் அதில், அந்தக் கொடுமையில் சிதைந்த அவள் மனம் திரும்பி வருவது 2018இல் வந்த 40வது தொகுதியில்தான். 20 வருடத்துக்கும் மேல் அவளைப் பேச்சில்லாமல் வைத்திருந்தது மங்காவின் குறை. தொடரின் குறையை அதைக்கொண்டு நேராக்க முடியாது. இந்தத் தொடரை எவ்வளவு நேசித்தாலும் இந்த இடத்தில் அதற்காக வாதாட நான் தயாரில்லை.

கடைசி எபிசோட் அப்படியே நின்னுடுச்சே! ஏதாவது எபிசோட் விட்டுப்போச்சா?

இல்லை, 25தான். கிரிஃபித் தன் படையையே அரக்கர்களுக்குப் பலிகொடுக்கும் கிரகணத்தின் நடுவே படையினர் எல்லோரும் செத்துக்கொண்டிருக்க, கட்ஸ் தன் இடக்கையை இழந்து, வலக்கண்ணும் போய், காஸ்காவைக் காக்க முடியாமல் அலறும் இடத்தில் தொடர் கைவிட்டுவிடுகிறது. அவன் எப்படித் தப்பினான் என்பதற்குப் பதிலே இல்லை. தப்பினான் என்பது மட்டும் முதல் எபிசோடால் தெரியும்.

சிலர் இதைத் துணிச்சலான முடிவு என்பார்கள். சோகம் அதன் உச்சத்தில் நிற்பதால் மனதை விட்டுப் போகாது என்பது உண்மை. ஆனாலும் முதல் எபிசோடில் கேள்வியைப் போட்டுவிட்டுக் கடைசியில் பதில் தராமல் போவதைத் துணிச்சல் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இன்னும் ஒரே ஒரு எபிசோட் இருந்திருந்தால் போதும், 1997 தொடருக்கு ஈடு இணை இருந்திருக்காது.

மங்காவிலிருந்து எதையெல்லாம் வெட்டினாங்க?

முக்கியமானவை மூன்று. ஒன்று, மண்டையோட்டு வீரன். மங்காவில் கிரகணத்திலிருந்து கட்ஸையும் காஸ்காவையும் மீட்பவன் அவன்தான். அவனை நீக்கியதும் தப்பிக்கும் வழியும் கதையிலிருந்து போய்விட்டது. மேலே சொன்ன முடிவுச் சிக்கல் பாதி இங்கிருந்து வருகிறது. இரண்டு, கட்ஸோடு திரியும் பக் என்ற குட்டித் தேவதை. அவன் இல்லாததால் முதல் எபிசோட் இன்னும் இறுக்கமாகிவிட்டது. மூன்று, கிரிஃபித்தை மீட்டு வரும் வழியில் துரத்தும் வயால்ட் என்ற அரக்கனின் பகுதி. இதை வெட்டியது நல்லதுதான், மங்காவிலேயே எனக்குப் பிடிக்காத பகுதி அது. கட்ஸின் சிறுவயதுக் கதையையும் வெகுவாகச் சுருக்கிவிட்டார்கள். காஸ்கா தொடும்போது அவன் ஏன் நடுங்குகிறான் என்பது மங்கா படித்தவர்களுக்குத்தான் முழுதாகப் புரியும்.

அப்போ படங்களையும் பாக்கணுமா?

மூன்றாவது படத்தை அவசியம் பாருங்கள். கிரகணம் முழுதாக, மண்டையோட்டு வீரனோடு அதில் இருக்கிறது. முதல் இரண்டு படங்களிலும் போர்க் காட்சிகள் பெரிதாக இருந்தாலும், நட்பு வளர நேரமே தரவில்லை. மேலே நான் சிகரம் என்று சொன்ன தீ பற்றிய பேச்சையே படங்களில் விட்டுவிட்டார்கள். 2022இல் அதே படங்களை 13 எபிசோட் தொடராக மாற்றி வெளியிட்டபோதுதான் அந்தக் காட்சியைச் சேர்த்தார்கள். படங்களைப் பார்ப்பதென்றால் அந்த 2022 வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்.

2016 தொடர் நெஜமாவே அவ்வளவு மோசமா?

ஆமாம். முப்பரிமாணக் கணினி உருவங்கள் விறைப்பாக நடக்கின்றன, கேமரா காரணமில்லாமல் சுழல்கிறது, வாள் எதில் பட்டாலும் ஒரே மாதிரி உலோகச் சத்தம். தொலைந்த குழந்தைகள் என்ற அருமையான பகுதியைத் தாண்டிக் குதித்துவிட்டார்கள். 1997 தொடரிலும் அசைவு மோசம்தான், ஆனால் எங்கே நின்று பார்க்க வேண்டும் என்பது அதற்குத் தெரிந்திருந்தது. ஃபர்னீஸ், ஷீர்கே போன்ற பிற்காலப் பாத்திரங்களை மங்காவில் சந்தியுங்கள்.

மியுரா இறந்துட்டாராமே. முடியாத கதையை எதுக்கு ஆரம்பிக்கணும்?

2021 மே 6 அன்று, 54 வயதில் இறந்தார். மங்கா நின்றுவிடவில்லை. அவருடைய பள்ளிக்கால நண்பரும் மங்கா கலைஞருமான கோஜி மோரிக்கு மியுரா முழுக் கதையையும் முன்பே சொல்லியிருந்தார். அந்த நினைவைக்கொண்டு அவர் வழிநடத்த, மியுராவின் உதவியாளர்களான ஸ்டுடியோ காகா குழுவினர் 2022 ஜூன் முதல் தொடர்ந்து வரைகிறார்கள். எப்போது முடியும் என்ற கவலை வேண்டாம். தொடர் சொல்லும் பகுதி, முடிவில் தடுமாறினாலும், ஒரு முழு வாழ்வையும் வீழ்ச்சியையும் சொல்லும் கதைதான்.

தொடரை முடிச்சாச்சு. மங்காவுல எங்கேருந்து படிக்கணும்?

முதல் தொகுதியிலிருந்து. தெரிந்த கதைதானே என்று தாண்டிப் போனால், மேலே சொன்ன வெட்டுகள் அத்தனையும் விட்டுப்போகும். பக் இல்லாமலும் கட்ஸின் சிறுவயது தெரியாமலும் பின்னால் வரும் எதுவும் சரியாக ஒட்டாது. அவ்வளவு பொறுமை இல்லை, கட்ஸ் எப்படித் தப்பினான் என்று இப்போதே தெரிந்தாக வேண்டும் என்றால் 13வது தொகுதியைத் திறங்கள். அதைப் படித்து மனம் ஆறிய பிறகு முதல் தொகுதிக்கு வரலாம். முதல் தொகுதிகளில் மியுராவின் ஓவியம் சற்றுக் கரடுமுரடாக இருக்கும். நான்கைந்து தொகுதிகளுக்குள் கோடு தெளிந்துவிடும்.